மூடி அளவு ஒன்றுதான், மருந்து அளவு வேறு: மருந்தகக் கவுண்டருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஓர் ஊரில் மருந்தகக் கவுண்டரில் நிற்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த கையோடு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கும், டிப்ளோமா முடித்துப் பயிற்சிக்கு வருபவர்களுக்கும். கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் எண்ணைச் சொல்வார்கள், அலகைச் சொல்லமாட்டார்கள். "பேரனுக்கு அஞ்சு கொடுக்கலாமாம்மா?" என்று ஒரு பாட்டி கேட்பார். அஞ்சு என்ன? மி.லி.யா, கரண்டியா, சொட்டா? அதைத் திருப்பிக் கேட்காமல் தலையாட்டினால் அன்றைக்கு நாம் தப்பு செய்துவிட்டோம்.

தோட்டத்து ஊர்களில் இது கொஞ்சம் கூடுதலாகவே குழம்பும். அரசு ஆஸ்பத்திரி மருந்துப் பையில் மலாய் எழுதியிருக்கும். கிளினிக் சீட்டில் லத்தீன் சுருக்கம். போன மாதம் ஊருக்குப் போய்வந்த அண்ணன் சென்னையில் வாங்கிய மாத்திரை அட்டையை நீட்டுவார். வயதானவர்களுக்கு இன்னும் கட்டி, தாயில் என்ற பழைய எடைகள்தான் கணக்கு. நான்கும் ஒரே மாலையில் வரும்.

முன்கூட்டியே ஒன்று: கணக்கைப் போட்டுப் பார்ப்பது உங்கள் வேலை, முடிவு மருந்தாளுநருடையது. போட்ட கணக்கைக் காகிதத்தோடு அவரிடம் காட்டுங்கள். மனக்கணக்கு வேண்டவே வேண்டாம்.

முதலில் ஆயிரம் ஆயிரமாக இறங்கப் பழகுங்கள்

1 கிலோ 1000 கிராம். 1 கிராம் 1000 மில்லிகிராம் (மி.கி.). 1 மில்லிகிராம் 1000 மைக்ரோகிராம். பெரிய அலகிலிருந்து சின்னதற்கு இறங்கும்போது ஆயிரத்தால் பெருக்கு, ஏறும்போது வகு. அவ்வளவுதான் ஏணி.

இந்த ஏணியில் எல்லாரும் வழுக்கும் படி கடைசிப் படி. தைராய்டு மாத்திரை லெவோதைராக்சின் 100 மைக்ரோகிராம் என்றும் வரும், 0.1 மி.கி. என்றும் வரும். இரண்டும் ஒன்றுதான். இதயத்துக்கான டிகாக்சின் 0.25 மி.கி. என்பது 250 மைக்ரோகிராம். மைக்ரோகிராமுக்கு 'மியூ' என்ற கிரேக்க எழுத்தைப் போட்டு அவசரமாக எழுதினால் அது 'எம்' மாதிரித் தெரியும். மைக்ரோ மில்லியாகப் படிக்கப்பட்டால் அளவு ஆயிரம் மடங்கு. எனவே நீங்கள் எழுதும்போது எம்.சி.ஜி. என்று மூன்று எழுத்தாக எழுதுங்கள், அல்லது முழுசாகவே எழுதுங்கள்.

சால்புட்டமால் மாத்திரை 2 மி.கி. அதே மருந்தின் இன்ஹேலரில் ஓர் அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம். எடையை மட்டும் பார்த்தால் ஒரு மாத்திரை 20 அழுத்தலுக்குச் சமம். "அப்போ மாத்திரைதானே பவரு?" என்று கேட்பவர்கள் உண்டு. இன்ஹேலர் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது, அதனால் கொஞ்சமே போதும் என்று சொல்லுங்கள். எண்ணை எண்ணோடு ஒப்பிடும் பழக்கம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இதுவே நல்ல பாடம்.

திரவத்துக்கு இவ்வளவு தொல்லை இல்லை. 1 லிட்டர் 1000 மி.லி. சி.சி. என்று சொன்னாலும் அது மி.லி.தான்.

சிரப்: இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்

பாராசிட்டமால் சிரப் நம் கடைகளில் இரண்டு கனத்தில் கிடைக்கிறது. ஒன்றில் 5 மி.லி.க்கு 120 மி.கி. மற்றதில் 5 மி.லி.க்கு 250 மி.கி. இதுபோக, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். மூன்றும் காய்ச்சல் மருந்து, மூன்றும் இனிப்பு. வீட்டுக்குப் போனபின் எல்லாமே "அந்தச் சிவப்பு மருந்து".

எப்போதும் இந்த வரிசையில் போங்கள்.

பிள்ளையின் எடையைக் கேளுங்கள். வயதைக் கேட்பது பழக்கம், ஆனால் வயதை வைத்து மதிப்பிடுவதைவிட எடைதான் நம்பகம். தெரியாது என்றால் கடைத் தராசில் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தூக்காமல் ஒரு தடவை நிற்கட்டும். வித்தியாசம்தான் பிள்ளை.

பாராசிட்டமாலுக்கு ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி. பிள்ளை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 12 × 15 = 180 மி.கி. இதுதான் மருந்தின் அளவு. மி.லி. இன்னும் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

இப்போது பாட்டிலைக் கையில் எடுங்கள். வேண்டிய மி.கி.யைப் பாட்டிலில் உள்ள மி.கி.யால் வகுத்து, 5 மி.லி.யால் பெருக்குங்கள். 120 பாட்டில் என்றால் 180 ÷ 120 × 5 = 7.5 மி.லி. 250 பாட்டில் என்றால் 180 ÷ 250 × 5 = 3.6 மி.லி. ஒரே பிள்ளை, ஒரே மருந்து, பாட்டில் மாறியதும் அளவு பாதிக்கும் கீழே போய்விட்டது.

எத்தனை மணிக்கு ஒருமுறை, நாளைக்கு எத்தனை தடவை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரத்தில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். பிள்ளை குண்டாக இருந்து கணக்கு 1000 மி.கி.யைத் தாண்டினால் பெரியவர்களின் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கணக்கே போடாதீர்கள், டாக்டரிடம் அனுப்புங்கள்.

பல வருடத்துக்கு முன் வேறோர் ஊரில் நான் வேலை பார்த்த கடையில் நடந்தது. ஒரு பாட்டி 120 சிரப் வாங்கிப்போவார், 12 கிலோ பேரனுக்கு ஏழரை மி.லி. கொடுக்கப் பழகியிருந்தார். ஒரு நாள் சரக்கு தீர்ந்துவிட்டது. 250 பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். "இதுவும் அதேதான் பாட்டி" என்று சொன்னேன். மருந்து அதேதான், பொய் சொல்லவில்லை. ஆனால் ஏழரை மி.லி.யில் இப்போது 375 மி.கி. கிலோவுக்கு 31 மி.கி.க்கு மேல். இரண்டு வேளை கொடுத்தபின் பையனின் அம்மா பாட்டிலைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போன் செய்தார். அளவு இரட்டிப்பு என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னோம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. "அதேதான்" என்ற சொல்லை அன்றோடு விட்டேன்.

கரண்டி விஷயம். மருந்துக் கணக்கில் டீக்கரண்டி 5 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி. வீட்டுக் கரண்டிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கோப்பிக்கடைக் கரண்டி ஓர் அளவு, பாயசக் கரண்டி இன்னோர் அளவு. மலாயில் 'சுடு தே' என்று எழுதியிருந்தால் டீக்கரண்டி. கல்யாணமாகித் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு மருமகள் அதைப் படித்துக் கேட்டுவிட்டு, மருந்தைச் சூடு பண்ணியா கொடுக்க வேண்டும் என்று என்னிடம் விசாரித்திருக்கிறார். சிரித்துக்கொண்டே வாய்வழி சிரிஞ்ச் ஒன்றைக் கொடுத்தேன். சில காசு பெறுமானமுள்ள பொருள். கரண்டி பற்றிய எல்லா விளக்கத்தையும் அது மிச்சப்படுத்தும்.

பொடியாக வரும் ஆன்டிபயாட்டிக்

அமாக்சிசிலின் மாதிரிச் சில மருந்துகள் பாட்டிலில் பொடியாக வரும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டும். 60 மி.லி. பாட்டில் என்றால் 60 மி.லி. தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். பொடியும் இடத்தைப் பிடிக்கும். லேபிளில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கும், அல்லது பாட்டிலில் கோடு இருக்கும். முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்து, பாதித் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, பிறகு மீதியை ஊற்றுங்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் அடியில் கட்டிதட்டும், முதல் நாள் மருந்து நீர்த்தும் கடைசி நாள் மருந்து கனத்தும் போகும்.

எத்தனை பாட்டில் என்பதும் ஒரு கணக்கு. 5 மி.லி., நாளைக்கு மூன்று தடவை, ஏழு நாள்: 5 × 3 × 7 = 105 மி.லி. 60 மி.லி. பாட்டில் ஒன்று போதாது. இரண்டு கொடுத்தால் 15 மி.லி. மிஞ்சும். மிஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கு என்று பிரிட்ஜில் வைக்க வேண்டாம் என்று சொல்லியே அனுப்புங்கள். இரண்டாவது பாட்டிலை முதலிலேயே கலக்கவும் வேண்டாம். கலந்த நாளிலிருந்துதான் அதன் ஆயுள் ஓடத் தொடங்கும்.

சதவீதம்: மருந்து பம்பு தூக்கியவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்

என் மாமா செம்பனைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர். 41% கிளைபோசேட் பாட்டிலிலிருந்து 100 மி.லி. எடுத்து, 16 லிட்டர் பம்பில் ஊற்றித் தண்ணீரை நிரப்புவார். பம்புக்குள் இப்போது எத்தனை சதவீதம்? 41 × 100 ÷ 16000, அதாவது சுமார் 0.26%. கனமானதின் சதவீதம் × அதன் அளவு = நீர்த்ததின் சதவீதம் × அதன் அளவு. பார்மசிப் பாடத்தில் இதற்கு ஒரு சூத்திரப் பெயர் வைத்துப் பயமுறுத்துவார்கள். மாமா அதைத்தான் தினமும் காலை ஏழு மணிக்குச் செய்தார்.

கடையில் இதே கணக்கு: 95% ஆல்கஹாலிலிருந்து 500 மி.லி. 70% வேண்டும். 500 × 70 ÷ 95 = 368 மி.லி. இதை அளவு ஜாடியில் ஊற்றி, 500 கோடு வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். 132 மி.லி. தண்ணீரைத் தனியாக அளந்து ஊற்றினால் மொத்தம் 500க்குக் கொஞ்சம் குறைவாகவே நிற்கும், ஏனென்றால் ஆல்கஹாலும் தண்ணீரும் சேரும்போது கனஅளவு சுருங்கும். அதனால்தான் 'சேர்த்து நிரப்பு' என்கிறோம்.

கரைசலில் 1% என்றால் 100 மி.லி.யில் 1 கிராம். அதையே 1 மி.லி.யில் 10 மி.கி. என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் சுலபமாகும். 2% லிக்னோகெயின் என்றால் 1 மி.லி.யில் 20 மி.கி. 0.9% உப்புக் கரைசலில் 9 மி.கி., ஒரு லிட்டருக்கு 9 கிராம். 1% ஹைட்ரோகார்டிசோன் களிம்பு 15 கிராம் டியூபில் மருந்து 150 மி.கி.தான் இருக்கிறது, மீதி களிம்பு.

விகிதமாக எழுதும் பழைய முறையும் உண்டு. அட்ரினலின் 1:1000 என்றால் 1000 மி.லி.யில் 1 கிராம், ஆக 1 மி.லி.யில் 1 மி.கி. 1:10000 அதில் பத்தில் ஒரு பங்கு. பெரிய எண் கண்ணில் பட்டதும் கனமான மருந்து என்று தோன்றும், உண்மையில் அது நீர்த்தது. இந்தக் குழப்பத்துக்காகவே அமெரிக்காவில் 2016 முதல் இந்த மருந்தின் லேபிளில் விகிதத்தை எடுத்துவிட்டு மி.கி./மி.லி. என்று போடுகிறார்கள்.

யூனிட்: இன்சுலினும் இந்தியப் பயணமும்

யூனிட் என்பது எடை அல்ல. மருந்து உடலில் என்ன வேலை செய்கிறது என்பதை வைத்து நிர்ணயித்த அளவு. அதனால் ஒரு மருந்தின் யூனிட்டுக்கும் இன்னொன்றின் யூனிட்டுக்கும் உறவே கிடையாது. வைட்டமின் டி 40 யூனிட் 1 மைக்ரோகிராம். பென்சிலின் ஜி 10 லட்சம் யூனிட் சுமார் 600 மி.கி. ஒரு பாட்டிலில் வைட்டமின் டி 1000 யூனிட், பக்கத்துப் பாட்டிலில் 25 மைக்ரோகிராம் என்று போட்டிருந்தால், ஆயிரத்தைப் பார்த்து அதை எடுப்பவர்களே அதிகம். இரண்டும் ஒன்று.

இன்சுலினில்தான் உயிர் போகிற விஷயம். இங்கே நாம் விற்பது 1 மி.லி.க்கு 100 யூனிட். இந்தியாவில் 1 மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பிகள் இன்னும் பரவலாக விற்கின்றன, அதற்கென்று தனி சிரிஞ்ச் உண்டு. அங்கே சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. சொந்த ஊருக்குப் போன இடத்தில் மருந்து தீர்ந்து, வாங்கி, மீதியைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள்.

ஐயாவின் அளவு 20 யூனிட் என்று வையுங்கள். 40க்கான சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 0.5 மி.லி. வரும். குப்பி நம் ஊருடையது என்றால் அதில் 50 யூனிட். சர்க்கரை தாறுமாறாக இறங்கி மயக்கம் போட்டுவிடும். மாற்றிச் செய்தால், அதாவது 100க்கான சிரிஞ்சில் இந்தியக் குப்பியை இழுத்தால், 20 கோட்டில் 0.2 மி.லி., வெறும் 8 யூனிட். மெதுவாக ஏறும் சர்க்கரை, காரணம் யாருக்கும் புரியாது. எனவே தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் பிறகு ஊரிலிருந்து திரும்பியவர் சிரிஞ்ச் மட்டும் கேட்டு வந்தால், "குப்பியைக் கொண்டு வந்திருக்கீங்களா ஐயா?" என்று கேளுங்கள். பார்க்காமல் விற்காதீர்கள்.

இன்சுலினுக்கு யூனிட் என்பதை ஒற்றை 'யூ' எழுத்தாக எழுதாதீர்கள். 4க்குப் பக்கத்தில் அவசரமாகப் போட்ட 'யூ' சுழியமாகி 40 ஆகும்.

"அங்கே 180ன்னு சொன்னாங்க, இங்கே 10ன்னு சொல்றீங்க"

மலேசியாவில் ரத்தச் சர்க்கரையை லிட்டருக்கு மில்லிமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை வைத்த அலகு) என்று சொல்கிறோம். இந்தியாவில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். நம்முடையதை 18ஆல் பெருக்கினால் அவர்களுடையது, அவர்களுடையதை 18ஆல் வகுத்தால் நம்முடையது. வெறும் வயிற்றில் 7.0 என்பது 126. 11.1 என்பது 200. மதுரையில் இருக்கும் அக்கா போனில் 250 என்றால், அது நம் கணக்கில் 13.9.

18 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மறக்காது. குளுக்கோஸ் ஒரு மோல் 180 கிராம், ஆக ஒரு மில்லிமோல் 180 மில்லிகிராம். அது ஒரு லிட்டருக்கு. டெசிலிட்டர் என்பது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு, எனவே 18. கொலஸ்ட்ராலின் மூலக்கூறு வேறு, அதனால் எண்ணும் வேறு: 38.67. நம் 5.2 அவர்களுடைய 200. டிரைகிளிசரைடுக்கு 88.5, நம் 1.7 அங்கே 150. கிரியேட்டினினுக்கு அவர்களின் எண்ணை 88.4ஆல் பெருக்கினால் நம் மைக்ரோமோல். எல்லாவற்றுக்கும் 18 போட்டுப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவில் வாங்கிய சர்க்கரை மீட்டர் அங்குள்ள அலகில்தான் காட்டும். இங்குள்ள குறிப்புப் புத்தகத்தில் அந்த எண்ணை அப்படியே எழுதினால் டாக்டர் திடுக்கிடுவார். மீட்டர் திரையில் அலகு சின்னதாக எழுதியிருக்கும், காட்டிக் கொடுங்கள். காய்ச்சலும் அப்படித்தான்: 102 என்றால் பாரன்ஹீட், 32ஐக் கழித்து 5ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் 38.9.

பாராசிட்டமாலும் அங்கே 650 மி.கி. மாத்திரையாக நிறைய விற்கிறது. நம்முடையது 500. "ரெண்டு ரெண்டா போடுவேன்" என்பவருக்கு இங்கே 1000, அங்கே 1300. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சம் 4000 மி.கி., ஆக 500 என்றால் எட்டு, 650 என்றால் ஆறுக்கு மேல் கூடாது. 650 என்ற வினோதமான எண் பழைய 'கிரெயின்' அளவின் மிச்சம். ஒரு கிரெயின் 64.8 மி.கி., பத்து கிரெயின் கிட்டத்தட்ட 650.

பழைய அளவுகளில் கவுண்டரில் இன்னும் காதில் விழுவது சீனர் மருந்துக்கடையின் தாயில். ஒரு தாயில் சுமார் 37.8 கிராம், 16 தாயில் ஒரு கட்டி, ஏறக்குறைய 605 கிராம். சித்த மருந்துக் குறிப்பில் குன்றிமணி எடை என்றால் 130 மி.கி., பலம் என்றால் 35 கிராம். இவற்றை மாற்றிச் சொல்லத் தெரிந்தால் போதும், அளந்து கொடுக்கும் வேலை நமக்கு இல்லை.

எழுதும்போது

புள்ளிக்கு முன் சுழியம் போடுங்கள்: 0.5. வெறும் புள்ளி வைத்து .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகும். முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியமும் வேண்டாம். 1.0 என்பது 10 ஆகிவிடும். இரண்டிலும் தப்பு பத்து மடங்கு.

சீட்டில் ஓ.டி. என்றால் நாளைக்கு ஒருமுறை, பி.டி. இரண்டு, டி.டி.எஸ். மூன்று, கியூ.ஐ.டி. நான்கு, ஓ.என். இரவில், பி.ஆர்.என். தேவைப்பட்டால். கண் மருந்துச் சீட்டில் ஓ.டி. வலது கண்ணைக் குறிக்கலாம், சந்தேகம் வந்தால் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். இந்தச் சுருக்கங்களை மருந்துப் பையில் அப்படியே எழுதாதீர்கள். '2 பிஜி, 3 காலி செஹாரி' என்று மலாயில் எழுதிவிட்டு, "காலையில ரெண்டு, மத்தியானம் ரெண்டு, ராத்திரி ரெண்டு" என்று வாயால் தமிழில் சொல்லுங்கள். பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் (மருத்துவ உதவியாளர்) இருந்த காலத்தில் கலவை மருந்துப் பாட்டிலின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய ஒரு காகிதத் துண்டை ஒட்டிக் கொடுப்பார்கள். ஒரு வேளைக்கு ஒரு பல் குறையும் வரை குடிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கூட அதில் தவறவில்லை. அந்த யோசனையை நான் இன்றும் விடவில்லை. 3.6 மி.லி. என்று சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்காது. சிரிஞ்சில் அந்த இடத்தில் அழியாத மையால் ஒரு கோடு போட்டு, பாட்டில் லேபிளிலும் அதே மையில் ஒரு கோடு போட்டுக் கொடுக்கிறேன். அடுத்த முறை வேறு கனத்தில் பாட்டில் வாங்க வந்தால், பழைய சிரிஞ்சைக் கொண்டுவரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, புதியதில் புதுக் கோடு.